ஆங்கிலச் சொற்களுக்குள் ஒளிந்திருக்கும் நாய்கள்

நாயைத் தன் கட்டிலிலேயே படுக்கவைத்து, அதற்குப் பிறந்தநாள் கொண்டாடி, இறந்தால் கல்லறை கட்டி அழுகிறவர்கள் ஆங்கிலம் பேசும் நாடுகளில் ஏராளம். ஆனால் அவர்களுடைய மொழிக்குள் போய்ப் பார்த்தால் நாய் படும் பாடு வேறு. சீரழிந்த பிழைப்புக்கு 'டாக்ஸ் லைஃப்' என்று பெயர். குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தால் 'சிக் அஸ் எ டாக்'. நன்றாக இருந்து நாசமாய்ப் போனது எதுவானாலும் 'கான் டு த டாக்ஸ்'. அலங்கோலமாகச் செய்து வைத்த வேலை 'டாக்ஸ் பிரேக்ஃபஸ்ட்'. தப்புச் செய்துவிட்டுத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிற முகம் 'ஹேங்டாக்'. மனைவியின் கோபத்தில் மாட்டிக்கொண்ட கணவன் 'இன் த டாக்ஹவுஸ்'.

மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவன் என்பதால் இந்தச் சொற்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன். இவ்வளவு நேசிக்கிற விலங்கை இப்படியா பேசுவார்கள் என்று ஆரம்பத்தில் திகைத்திருக்கிறேன். பிறகுதான் விளங்கியது. ஒரு தொடர் எந்தக் காலத்தில் உருவானதோ, அந்தக் காலத்து நாய்தான் அதற்குள் இருக்கிறது. மெத்தையில் தூங்கும் இன்றைய நாய் அல்ல. வாசலுக்கு வெளியே படுத்து, மிச்சம் மீதியைத் தின்று, வேட்டையிலும் காவலிலும் உழைத்து, உதவாது என்று ஆனதும் கொல்லப்பட்ட நாய். 'ஹேங்டாக்' என்ற சொல்லே அதற்குச் சாட்சி. வேண்டாத நாயைத் தூக்கில் தொங்கவிடுவது அந்நாளில் சாதாரணம். நாய்க்குக் கெட்ட பெயர் சூட்டிவிட்டால் போதும், தூக்கில் போட்டுவிடலாம் என்று ஒரு பழமொழியே உண்டு. அந்தத் தூக்குக்கயிறுதான் இன்று ஒருவருடைய வாடிய முகத்தைச் சொல்லும் சொல்லில் மிஞ்சியிருக்கிறது.

'டாக்' என்ற சொல்லுக்கே ஒரு கதை உண்டு. பழைய ஆங்கிலத்தில் நாய்க்கு வழக்கமான பெயர் 'ஹுண்ட்'. ஜெர்மன் மொழியில் இன்றும் அதுதான். 'டாக்கா' என்றொரு சொல் பழைய எழுத்துகளில் அபூர்வமாகத் தலைகாட்டும். அது எங்கிருந்து வந்தது என்று மொழியறிஞர்கள் யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஊர்பேர் தெரியாமல் வந்த அந்தச் சொல், 16ஆம் நூற்றாண்டுக்குள் வீட்டுச் சொல்லைத் தள்ளிவிட்டுத் தானே உட்கார்ந்துகொண்டது. பழைய சொல் 'ஹவுண்ட்' என்று மாறி, வேட்டை நாய்க்கு மட்டும் உரிய பெயராகச் சுருங்கியது. நமக்கும் இது புதிதல்ல. சங்கப் பாடல்களில் ஞமலி என்றும் ஞாளி என்றும் நாய்க்குப் பெயர் உண்டு. இன்று அவை உரையாசிரியர்களின் துணையோடுதான் புரிகின்றன. நாய் மட்டும் நிலைத்துவிட்டது.

சரி, அந்தக் காலத்து நாய் என்னதான் செய்தது? கொடுமையான பகுதியிலிருந்தே தொடங்கலாம். இங்கிலாந்தில் காளையைக் கம்பத்தில் கட்டிவைத்து அதன்மேல் நாயை ஏவிவிடுவது நூற்றாண்டுக் கணக்காக நடந்த பொழுதுபோக்கு. காளைக்கு மூக்குதான் மென்மையான இடம். பாய்ந்து அதைக் கவ்விவிட்டால், காளை தூக்கி எறிய எறிய விடாமல் தொங்க வேண்டும். அதற்கென்றே வளர்க்கப்பட்டதுதான் 'புல்டாக்'. 1835இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டு இதைத் தடுத்தது. கேளிக்கை ஒழிந்தது, சொல் தங்கிவிட்டது. எதையும் பிடித்த பிடி விடாதவரை 'புல்டாக்' என்கிறார்கள். 'டாகெட்' என்ற பெயரடையும் இதே குணத்தைத்தான் சொல்கிறது. இடைக்காலத்தில் அதற்கு சிடுசிடுப்பான, வன்மம் பிடித்த என்றுதான் பொருள் இருந்தது. நாயின் கெட்ட குணம் மட்டும் கண்ணில் பட்ட காலம் அது. பின்னாளில்தான் விடாமுயற்சி என்ற நல்ல பொருள் ஏறியது. ஒரு விலங்கின் மேல் மனிதருக்கு இருந்த பார்வை மாறியதை ஒரே சொல்லுக்குள் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடிவது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

நாய்ச்சண்டைக் களத்திலிருந்து வந்தவை 'டாப் டாக்', 'அண்டர்டாக்' இரண்டும். 19ஆம் நூற்றாண்டுச் சொற்கள். இரண்டு நாய்கள் கட்டிப் புரள்கின்றன. மேலே ஏறி அமுக்குவது ஒன்று, கீழே சிக்கித் தவிப்பது இன்னொன்று. அவ்வளவுதான் படம். முதலில் 'அண்டர்டாக்' என்றால் தோற்றுக்கொண்டிருப்பவன் என்று மட்டுமே பொருள். இன்றோ அந்தச் சொல்லைக் கேட்டதும் மனம் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது. அவன் ஜெயித்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறது. இதை ஒரே சொல்லில் தமிழில் கொண்டுவர நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. எளியவன் என்றால் போட்டி போய்விடுகிறது. பலவீனமான அணி என்றால் அந்தப் பரிவு போய்விடுகிறது. முதலாம் உலகப்போரில் விமானங்கள் ஒன்றையொன்று வாலைப் பிடிப்பதுபோலத் துரத்திச் சுழன்று சுட்டதைப் பார்த்து 'டாக்ஃபைட்' என்றார்கள். அந்தப் பெயர் இன்றைய ஜெட் விமானச் சண்டை வரை தொடர்கிறது.

ஆனால் நாய் ஆங்கிலத்துக்குக் கொடுத்த பெரிய கொடை, 'டாக்' என்ற சொல்லே இல்லாத இடங்களில்தான் இருக்கிறது. 'வொரி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கவலைப்படுவதற்கு இதைவிடச் சாதாரணமான ஆங்கிலச் சொல் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் அதன் மூலச்சொல்லுக்குக் கழுத்தை நெரித்துக் கொல்வது என்று பொருள். 14ஆம் நூற்றாண்டு வாக்கில், நாயோ ஓநாயோ ஆட்டின் குரல்வளையைக் கவ்வி அப்படியும் இப்படியும் உலுக்கிக் குதறுவதைக் குறித்தது. அப்புறம் ஒருவரை விடாமல் தொந்தரவு செய்வது என்று இளகியது. தனக்குள் தானே தவிப்பது என்ற இன்றைய பொருள் கடைசியாக, 19ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. பழைய பொருள் முழுக்கச் சாகவும் இல்லை. நாய்கள் ஆட்டு மந்தையைத் துரத்திக் கடிப்பதைக் குற்றமாக்கி பிரிட்டனில் 1953இல் வந்த சட்டம், அந்தச் செயலை 'வொரி' என்றே சொல்கிறது. கவலை வந்து மனசைப் பிடுங்கித் தின்கிறது என்று நாம் சொல்கிறோமே, அதே படம்தான். ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றி 'வொரி' பண்ணுகிறாள் என்கிறபோது, அந்தச் சொல்லுக்குள் குரல்வளையில் பதிந்த பல் இன்னும் இருக்கிறது.

அடுத்து 'ரிலே'. நான்கு பேர் கோலைக் கைமாற்றி ஓடும் ஓட்டம் நினைவுக்கு வரும். முதலில் ஓடியவை வேட்டை நாய்கள். மானைத் துரத்தும்போது ஒரே கூட்டம் நாய்களால் கடைசிவரை ஓட முடியாது. அதனால் மான் எந்த வழியாக ஓடும் என்று முன்பே கணித்து, வழியில் ஆங்காங்கே களைப்பில்லாத நாய்களை நிறுத்தி வைப்பார்கள். முதல் கூட்டம் ஓய்ந்ததும் இவற்றை அவிழ்த்துவிடுவார்கள். அப்படி நிறுத்தி வைத்த நாய்களுக்குத்தான் பிரெஞ்சு வழியாக வந்த இந்தப் பெயர். பிற்பாடு அது வழியில் மாற்றிக்கொள்ளும் குதிரைகளுக்குப் போனது, தந்திக் கம்பியில் வலுக்குறைந்த மின்சைகையைப் புதிதாக்கி அடுத்த கம்பிக்கு அனுப்பும் கருவிக்குப் போனது, கடைசியில் ஓட்டப்பந்தயத்துக்கு வந்தது.

'ரிட்ரீவ்' என்பதும் இப்படித்தான். தவறவிட்ட வேட்டையை நாய் மோப்பம் பிடித்து மறுபடி கண்டுபிடிப்பதுதான் அதன் தொடக்கப் பொருள். 'ரிட்ரீவர்' என்ற நாய் இனத்தின் பெயரில் அது அப்படியே இருக்கிறது. கணினியில் சேமித்த தகவலைத் தேடி எடுப்பதற்கும் இன்று இதே சொல்தான். ஒரு தேடலைத் தட்டியதும் எங்கோ கிடக்கும் கோப்பு வாயில் கவ்வப்பட்டு நம் காலடியில் வந்து விழுகிறது என்று கற்பனை செய்தால், சொல் ரொம்பப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

'அட் பே' என்ற தொடரைப் பலரும் கடற்கரை விரிகுடாவோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். எழுத்து ஒன்றானாலும் சொல் வேறு. இது பழைய பிரெஞ்சில் குரைப்பதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஓடி ஓடிக் களைத்த மான் இனி ஓட இடமில்லை என்றதும் திரும்பி நின்று கொம்பைத் தாழ்த்துகிறது. நாய்கள் சுற்றி நின்று குரைக்கின்றன. கிட்டே போகவும் பயம், விட்டுப் போகவும் மனமில்லை. அந்தக் கணம்தான் 'அட் பே'. ஒரு நோயை அண்டவிடாமல் தள்ளி நிறுத்துகிறோம் என்று மருத்துவர் சொல்லும்போது வருவதும் இதே தொடர்தான். இப்போது எதிர்த்து நிற்கும் மானின் இடத்தில் நாம், சுற்றி நின்று குரைக்கும் நாய்களின் இடத்தில் நோய்.

துப்பறிபவரைச் செல்லமாகச் சொல்லும் 'ஸ்லூத்' என்ற சொல், தடம் என்று பொருள்படும் பழைய நார்ஸ் மொழிச் சொல். ஸ்காட்லாந்தில் தடம் பிடிக்கும் மோப்ப நாய்க்கு 'ஸ்லூத் ஹவுண்ட்' என்று பெயர் இருந்தது. 1870களில் அமெரிக்கர்கள் துப்பறிபவர்களை அந்த நாயின் பெயரால் அழைத்து, பிறகு பின்பாதியை வெட்டிவிட்டார்கள். அமெரிக்கக் காடுகளில் இருந்து வந்த இன்னொன்று, தப்பான மரத்தைப் பார்த்துக் குரைப்பது. ரக்கூன் வேட்டை இரவில் நடக்கும். துரத்தப்பட்ட ரக்கூன் மரத்தில் ஏறிவிடும். நாய் அடிமரத்தில் காலை ஊன்றி, அண்ணாந்து, வேட்டைக்காரர் வரும்வரை குரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இருட்டில் அந்தச் சின்ன விலங்கு கிளைக்குக் கிளை தாவி வேறு மரத்துக்குப் போயிருக்கும். நாயின் உழைப்பில் குறையே இல்லை, இடம்தான் தப்பு. இந்தத் தொடரைத் தவறான முடிவு என்று மட்டும் மொழிபெயர்த்தால் அந்த உண்மையான உழைப்பு விடுபட்டுவிடுகிறது என்பது என் எண்ணம்.

வேட்டையோடு சேர்த்துச் சொல்லப்படும் 'ரெட் ஹெர்ரிங்' கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியது. ஹெர்ரிங் மீனை உப்பிட்டு நீண்ட நாள் புகை போட்டால் அது செந்தவிட்டு நிறமாகி, காட்டமான வாடை அடிக்கும். அந்த மீனைத் தரையில் இழுத்துச் சென்று தப்பியோடிய குற்றவாளிகள் மோப்ப நாய்களை ஏமாற்றினார்கள் என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். ஆனால் திசை திருப்பும் செயல் என்ற பொருளைப் பரப்பியவர் வில்லியம் காபெட் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர். சிறுவயதில் முயலைத் துரத்தும் நாய்களை இப்படி ஒரு மீனை வைத்துத் திசை திருப்பினதாக 1807இல் எழுதி, நெப்போலியன் தோற்றுவிட்டார் என்று பொய்யாக வந்த செய்தியின் பின்னால் ஓடிய பத்திரிகைகளை அந்த நாய்களோடு ஒப்பிட்டார். அந்தச் சிறுவயதுக் கதையே ஒருவேளை வாதத்துக்காக அவர் கட்டியதாக இருக்கலாம். நாய்களைத் திசை திருப்பியதாகச் சொல்லப்பட்ட மீன், சொல்லின் வரலாற்றைத் தேடுகிறவர்களையும் இருநூறு வருடம் திசை திருப்பியிருக்கிறது.

இந்த மாதிரி பிறப்புக் கதைகளில் பல பிற்காலத்தில் ஒட்டவைத்தவை என்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது. பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்ற தொடருக்கு இணையத்தில் சுற்றும் விளக்கம் தெரிந்திருக்கும். பழங்காலத்தில் நாயும் பூனையும் கூரை வேய்ந்த வைக்கோலுக்குள் படுத்திருந்தனவாம், மழையில் வழுக்கி வீட்டுக்குள் விழுந்தனவாம். 1999 வாக்கில் மின்னஞ்சலில் பரவிய கட்டுக்கதை இது. நன்றாக வேய்ந்த கூரையில் நாய் புகுந்து படுக்க இடமே இருக்காது. உண்மையில் 17ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே நாய் முதலிய விலங்குகள் மழையாய்ப் பொழிவதாக எழுத்தில் வருகிறது. இன்று வழங்கும் வடிவம் 1738இல் எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்டிடம் கிடைக்கிறது. ஏன் நாய், ஏன் பூனை என்பதற்கு உறுதியான விடை இல்லை. விடை இருந்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பிரெஞ்சுக்காரர்களுக்குக் கயிறு கயிறாகப் பெய்கிறது. வேல்ஸ் மொழியில் கிழவிகளும் தடிகளும் விழுகிறார்கள். நமக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது.

கணினிப் பிழையை 'பக்', அதாவது பூச்சி, என்று சொல்வதற்கும் இப்படி ஒரு கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலே ஒன்றுக்குள் விட்டில் பூச்சி சிக்கியிருந்ததும், அதைப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி வைத்ததும் உண்மை. ஆனால் சொல் அங்கே பிறக்கவில்லை. எடிசன் 1878லேயே தன் கருவிகளில் வரும் கோளாறுகளை அப்படித்தான் எழுதினார். நிஜப் பூச்சி கிடைத்த வேடிக்கைக்காகத்தான் அதை ஒட்டி வைத்தார்கள்.

இனி நாய் வானத்துக்கு ஏறிய கதை. இரவு வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரம் சிரியஸ். கிரேக்கர்களும் ரோமர்களும் அதை நாய் என்றார்கள். கடுங்கோடையில் அது விடியலுக்கு முன் சூரியனோடு ஒட்டி எழுவதைப் பார்த்து, சூரியனின் வெப்பத்தோடு இதன் வெப்பமும் சேர்ந்துதான் உலகம் இப்படிக் கொதிக்கிறது என்று நம்பினார்கள். அதனால் அந்த நாட்கள் 'டாக் டேஸ்'. கைக்கு வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இதை நாய்படாத பாடு பட்ட நாட்கள் என்று எழுதியிருந்ததைத் திருத்தியிருக்கிறேன். எழுதியவர் மேல் குற்றமில்லை. சொல்லைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அக்கினி நட்சத்திரம் என்று நாம் சொல்வதும் வெயிலுக்கு ஒரு நட்சத்திரத்தைப் பொறுப்பாக்குவதுதான் என்பதால், சொல்லிப் புரியவைப்பது சுலபமாக இருந்தது.

கிரேக்க மொழியில் நாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த 'சினிக்' இதைவிடத் தூரம் பயணம் செய்திருக்கிறது. நாய்த்தனமானவர் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் ஏதென்ஸ் தெருவில் பெரிய மண்சாடிக்குள் குடியிருந்த தத்துவஞானி டயோஜினிஸுக்கு அந்தப் பட்டம் ரொம்பப் பிடித்திருந்தது. கொடுப்பவரிடம் வாலாட்டுகிறேன், கொடுக்காதவரைப் பார்த்துக் குரைக்கிறேன், அயோக்கியனைக் கடிக்கிறேன் என்று அவர் காரணம் சொன்னதாகப் பழைய குறிப்பு உண்டு. பொருள் பணம், மானம் மரியாதை எதற்கும் கட்டுப்படாமல் வாழ்ந்த கூட்டம் அவருடையது. இன்று அதே சொல், யாருடைய நல்லெண்ணத்தையும் நம்பாத மனசைக் குறிக்கிறது. நன்றிக்கும் நம்பிக்கைக்கும் பேர்போன விலங்கின் பெயர், எதையும் நம்பாதவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மஞ்சள் நிறப் பாடும் பறவை 'கனேரி'யின் பெயரிலும் நாய்தான். அட்லாண்டிக் தீவு ஒன்றில் பெரிய நாய்கள் நிறைய இருந்தன என்பதால் ரோமர்கள் அதை நாய்த்தீவு என்ற பொருளில் 'கனாரியா' என்றார்கள். தீவின் பெயர் பறவைக்கு வந்தது, பறவையின் பெயர் அந்த மஞ்சள் நிறத்துக்கு வந்தது. விஷவாயுவை முன்கூட்டியே காட்டிக்கொடுக்க நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கூண்டோடு கொண்டுபோனதும் இந்தப் பறவையைத்தான். பிரிட்டனில் 1986இல்தான் அதற்கு அந்த வேலையிலிருந்து விடுதலை அறிவித்தார்கள். வரப்போகும் ஆபத்தின் முதல் அறிகுறியைச் சுரங்கத்துக் கனேரி என்று இன்றும் சொல்கிறார்கள்.

மற்ற விலங்குகளில் மாட்டை விட்டுவிட முடியாது. ஆங்கிலத்தில் பணம் சார்ந்ததைச் சொல்லும் 'பெக்யூனியரி', லத்தீனில் கால்நடைக்கு இருந்த பெயரிலிருந்து கிளைத்தது. மாட்டைச் சொல்லும் 'கேட்டில்', மூலதனத்தைச் சொல்லும் 'கேபிடல்' இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 'கேட்டில்' என்பதற்கு முதலில் சொத்து என்றுதான் பொருள், சொத்து என்றாலே மாடு என்றிருந்ததால் மாட்டுக்கே பெயரானது. கேடில் விழுச்செல்வம் கல்வி என்று சொல்லி, மற்றவை மாடல்ல என்று முடிக்கிறாரே வள்ளுவர், அங்கே மாடு என்றால் செல்வம். தொடர்பே இல்லாத மொழிகள் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பார்க்கிறபோது மனசு நிறைந்துபோகிறது. 'வாக்சின்' என்பதிலும் மாடு உண்டு. 1796இல் ஆங்கில மருத்துவர் எட்வர்டு ஜென்னர் பால் கறக்கும் பெண்ணின் கையிலிருந்த மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரை எடுத்து ஒரு சிறுவனுக்குச் செலுத்தினார். அந்தப் பெண்ணுக்கு அம்மை ஒட்டிய மாட்டின் பெயர் பிளாஸம் என்பதுகூடப் பதிவாகியிருக்கிறது. லத்தீனில் பசு 'வாக்கா'. அம்மைத் தடுப்புக்கு மட்டும் இருந்த அந்தப் பெயரை எல்லாத் தடுப்பூசிக்கும் பொதுவாக்கியவர் லூயி பாஸ்டர்.

தசையைச் சொல்லும் 'மஸில்' என்பது சுண்டெலி; தோலுக்கடியில் ஓடி மறைவதைப் பார்த்து ரோமர்கள் வைத்த பெயர். ஓவியர் படத்தைச் சாய்த்து வைக்கும் 'ஈஸல்', டச்சு மொழியில் கழுதை. வம்சாவளியைச் சொல்லும் 'பெடிக்ரீ', பழைய பிரெஞ்சில் கொக்கின் கால். வம்சக் கோடுகள் மூன்று விரலாகப் பிரிவதைப் பார்த்துச் சொன்னது. தானமாக வந்த குதிரையின் வாயைப் பார்க்காதே என்பது ஆங்கிலப் பழமொழி. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்கிறோம் நாம். இரண்டு இடத்திலும் விஷயம் ஒன்றுதான்: பல்லைப் பார்த்தால் வயது தெரிந்துவிடும்.

அரசியலில் இப்போது அடிக்கடி அடிபடும் 'டாக் விசில்' என்ற தொடரோடு மறுபடி நாய்க்கு வருகிறேன். பொதுவாகக் கேட்பவருக்குச் சாதாரணமாகத் தோன்றி, ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்கு மட்டும் உள்ளர்த்தம் போய்ச் சேரும்படி பேசுவதற்குப் பெயர் அது. மனிதருக்குக் கேட்காமல் நாய்க்கு மட்டும் கேட்கும் விசிலிலிருந்து வந்தது. காது எவ்வளவு உயர்ந்த ஒலிவரை கேட்கும் என்று அளக்க 1876இல் அந்த விசிலைச் செய்தவர் ஆங்கில அறிவியலாளர் ஃபிரான்சிஸ் கால்டன். அதைக் கைத்தடியின் நுனியில் பொருத்தி, பிடிக்கு அடியில் ஒரு சின்ன ரப்பர் குழாய் வைத்து, மிருகக்காட்சி சாலையிலும் தெருக்களிலும் நடந்தார். குழாயை அழுத்துவார். பக்கத்தில் போகிற மனிதர்களுக்கு எதுவும் கேட்காது. பெரிய நாய்கள்கூட அதைக் கண்டுகொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறார். சின்ன நாய்கள்தான் சட்டென்று நின்று திரும்பிப் பார்த்தன.